கேப்டன் சொல்லாமல் பன்னிரண்டு மணி ஆகாது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு என் வீட்டுக் குளியலறையில் கிடைத்தது. வலது கால் ஆணிக்காக வெந்நீர் வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. வாசலில் யாரோ மணியடித்தார்கள். "யாரா இருந்தாலும் நிக்கச் சொல்லு, கால் காயட்டும்!" என்று மனைவியிடம் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் கேப்டன் நத்தேனியல் க்ரப் பிறந்துவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. பிறக்கும்போதே கால் ஆணியோடு பிறந்தார்.

2

1764 அக்டோபர். மன்னரின் போர்க்கப்பல் 'கான்ஸ்டன்ஸ்' கொந்தளிக்கும் அலைகளைக் கிழித்துக்கொண்டு...

(அடித்துவிட்டேன். அன்று கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி இருந்தது. புயல் அடித்திருந்தால் க்ரப்புக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். கொடுக்க எனக்கு மனமில்லை.)

வேறு தொடக்கம்: க்ரப் பதின்மூன்று வயதில் கப்பலேறினார். முப்பத்தொன்றில் லெப்டினன்ட், நாற்பத்தேழில் கேப்டன். மேலே இருந்தவர்கள் மஞ்சள் காய்ச்சலில் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, இவர் சாகாமல் இருந்தே பதவி உயர்வு வாங்கினார். கரையில் வீடில்லை, மனைவியில்லை. நிலத்தில் நடந்தால் தலை சுற்றும்.

இது போதும்.

3

அந்தக் கடற்படையில் ஒரு வழக்கம். கப்பலுக்கு வழி பார்க்கும் அதிகாரியை மாஸ்டர் என்பார்கள். உச்சிவேளையில் அவர் சூரியனை அளந்துவிட்டு, "பன்னிரண்டு ஆயிற்று" என்று கேப்டனிடம் வந்து சொல்ல வேண்டும். கேப்டன் "ஆகட்டும்" என்றால்தான் மணி அடிப்பார்கள்; கப்பலின் புது நாள் தொடங்குவதே அந்த மணியில்தான். அதுவரை ஊரெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவினாலும் அந்தக் கப்பலில் பன்னிரண்டு ஆகாது.

க்ரப்பின் மாஸ்டர் ஜோசையா ஹாஸ்கின். வயது அறுபத்தொன்று, பத்தொன்பது வருடமாக அவரோடு கப்பல் மாறி மாறி வருபவர். அன்றைக்கு உத்தரவு என்னவென்றால், பன்னிரண்டு மணி அடித்ததும் கப்பலை மேற்கே திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் நேரே மணல்திட்டு.

கேப்டனின் அறையில் இருவர் மட்டுமே.

"ஐயா, பன்னெண்டு ஆச்சு."

"ஆகல. கால் ஊறிட்டிருக்கு."

"சூரியன் உச்சிக்கு வந்துட்டானே ஐயா."

"வந்தா நிக்கட்டும்! மன்னரோட கப்பல்ல நான் வெறுங்காலோட பொழுதைத் தொடங்கி வைக்கணுமா?"

"திட்டு கிட்டத்துல..."

"ஹாஸ்கின், முதல்ல கதவைச் சாத்து. காத்து வந்து தண்ணி ஆறுது."

ஹாஸ்கின் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

(இந்த இடத்தில் எனக்கு ஹாஸ்கின்மேல் சந்தேகம். பழம் தின்று கொட்டை போட்ட மாலுமி, தானே திருப்பியிருக்க மாட்டாரா? ஒரு வாரம் இதிலேயே தரைதட்டிக் கிடந்தேன். பிறகு முந்தின நாளுக்குப் போய் ஒரு காட்சியைச் செருகினேன். அங்கே கேட்காமல் கப்பலைத் திருப்பிய ஹாஸ்கினை, இருநூறு பேர் முன்னால் க்ரப் கிழிகிழியென்று கிழிக்கிறார்: "என்னைக் கேக்காம இங்க ஒரு கயிறு அசையக் கூடாது, புரியுதா கிழவா?")

அதனால் இன்று ஒரு கயிறும் அசையவில்லை. ஹாஸ்கின் மேல்தளத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதி வருத்தம், பாதி வீம்பு. இருபது நிமிடத்தில் 'கான்ஸ்டன்ஸ்' மணலில் ஏறி முதுகொடிந்தது. க்ரப்பின் வெந்நீர்த் தொட்டி கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை, படகுகளை நான் தாராளமாக எழுதியிருந்தேன்.

4

கப்பலைத் தொலைத்த கேப்டன் விசாரணைக்கு நின்றே ஆக வேண்டும். தவறு க்ரப்புடையது என்றால் அவரைக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள், ஆயுளுக்கும். மாஸ்டருடையது என்றால் மாஸ்டருக்கு அதே கதி.

பதின்மூன்று அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஹாஸ்கினைக் கேட்டார்.

"பன்னெண்டு ஆனதைக் கேப்டன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க. மறந்துட்டேன். வயசாச்சு பாருங்க."

(நான் எழுதிக் கொடுத்தது "சொன்னேன்" என்றுதான். இவர் பாட்டுக்கு மாற்றிச் சொல்லிவிட்டார்.)

க்ரப்பைத் தாண்டிப் போகும்போது ஹாஸ்கின் மெல்ல முணுமுணுத்தார்: "வாயை மூடிட்டு இருங்க ஐயா. எனக்குப் பிளிமத்துல தங்கச்சி வீடு இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

தலைவர் திரும்பினார். "கேப்டன் க்ரப், மாஸ்டர் சொன்னதை ஒத்துக்கிறீங்களா?"

5

முடிவு அ: க்ரப் உண்மையைச் சொல்லிவிடுகிறார். எழுதிப் படித்துப் பார்த்தேன். யாரோ ஒரு மகான், க்ரப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசுகிறார். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: "ஒத்துக்கிறேன்" என்கிறார் க்ரப். இது ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் நான்கு பக்கம் ஓடியது. அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே பயம்.

காரணம் எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் என் அலுவலகத்தில் ஒரு பெரிய பிசகு நடந்தது. செய்தவன் நான். "என் தப்புதான்" என்று கையைத் தூக்கியவள் கூட வேலை பார்த்த மார்ஜரி. நான் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் அவள் நாற்காலி எனக்கு வந்தது. நன்றாகவே உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறது.

க்ரப் எழுந்து நிற்கிறார். பதின்மூன்று பேரும் அவர் வாயைப் பார்க்கிறார்கள். ஹாஸ்கின் மட்டும் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கையில் பேனா இருந்தால் அது "ஒத்துக்கிறேன்" என்றுதான் எழுதும்.

பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.