வியாழக்கிழமைக் காளான்

1
இந்தக் கதை ஒரு சப்பை வரியிலிருந்து பிறந்தது. ‘சிறிய ஒழுங்குபடுத்தல்.’ கணினியின் உள்கருவான கெர்னலில் ஒரு திருத்தம் செய்துவிட்டு, செக் நாட்டில் எங்கள் பர்னோ நகரத்து வெந்துலா எழுதிய குறிப்பு அது. அடைத்ததோ, சாதாரணப் பயனர் யாரும் அந்த இயந்திரத்துக்கே எஜமானாகிவிடக்கூடிய ஓட்டை. திருடர் கண்ணில் படக்கூடாதென்றே அப்படி எழுதினாள். நான் இதுவரை இவ்வளவு நல்ல வரி எழுதியதில்லை.

2
‘வெந்துலாவின் விரல்கள் விசைப்பலகையில் நடனமா—’

வேண்டாம். அவள் இரண்டே விரலால் தட்டுபவள்.

கெர்னல் ஒருவனுடைய அனுமதிச் சீட்டைப் பார்க்கிறது. சரியென்று கதவைத் திறக்கத் திரும்புகிறது. அந்த இமைப்பொழுதில் சீட்டை மாற்றிவிடலாம். எத்தனையோ கெட்டிக்காரர்கள் கடந்துபோன இடம். இவள் நின்று பார்த்தாள். இவள்மேல் எனக்குள்ள மரியாதையை ஒளிக்கப்போவதில்லை.

திருத்தம் புதன்கிழமை வெளிவரும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று கூட வேலை செய்பவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

3
அவளுடைய தம்பி ராதிம் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். ஞாயிறன்று மனைவியோடு குரோஷியாக் கடற்கரைக்குக் கிளம்புகிறான். திருத்தம் வெளியானதும் அதைப் படித்தே ஓட்டை எங்கே என்று திருடர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மருத்துவமனையில் திருத்தத்தைப் போட ஆள் இருக்காது.

(அவனுக்கு ஓர் உதவியாளரைக் கொடுத்துப் பார்த்தேன். கதை செத்துப்போனது. அடித்துவிட்டேன்.)

4
முதல் முடிவு: தம்பியிடம் சொல்லிவிடுகிறாள். வெந்துலா இதற்குச் சம்மதிக்கவில்லை.

இரண்டாவது: சொல்லாமல் வீட்டுக்குப் போகிறாள். நான் சம்மதிக்கவில்லை.

சனிக்கிழமை, காட்டில், இருவர் கையிலும் கூடை.

“உனக்கு மட்டும் எங்கேர்ந்துக்கா இவ்ளோ காளான் கிடைக்குது?” என்றான் ராதிம்.

“காட்லேர்ந்து.”

“மாமாவுக்காவது இடத்தைச் சொல்லிருக்கியா?”

“அவருக்கு எதுக்கு? வறுத்துப் போட்டா சாப்பிடப்போறார்.”

இங்கே காளான் கிடைக்கும் இடத்தைச் சாகும்வரை பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள். வெந்துலா கத்தியைத் துடைத்து மடக்கினாள்.

“டேய், ஊருக்கு வெள்ளிக்கிழமை போயேன். வியாழன் காலைல என் இடத்தைக் காட்டறேன்.”

அவன் திடுக்கிட்டான். “உடம்புக்கு ஏதாவதாக்கா?”

“நல்லாத்தான் இருக்கேன். புதன் வரைக்கும் ஒழுங்கா வேலைக்குப் போ.”

“புதன்கிழமை என்ன?”

“காளான் வேணுமா வேணாமா?”

ராதிம் அவளையே பார்த்தான். பிறகு மனைவியைப் போனில் கூப்பிட்டான். பயணம் தள்ளிப்போகிறது என்றதும் அந்தப் பக்கம் சத்தம் எகிறியது.

“அக்கா இடத்தைக் காட்டறாளாம்,” என்றான்.

சத்தம் நின்றது. “சரி, ஓட்டலுக்கு நான் பேசிக்கறேன்,” என்றாள் அவள்.

5
வெந்துலா வாக்கைக் காப்பாற்றினாளா, மீறினாளா? எனக்குத் தெரியவில்லை. எழுதுபவருக்கு மட்டுமே உள்ள அதிகாரத்தை உங்களுக்குத் திறந்துவிடுகிறேன், வந்து முடித்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் மாற்ற அனுமதி இல்லை: புதனன்று ராதிம் திருத்தத்தைப் போட்டான். வியாழனன்று அவள் இடத்தைக் காட்டினாள். அடுத்த இலையுதிர் காலத்தில் அவள் அங்கே போனபோது ஒரு காளானைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை.