கெமிஸ்ட்ரியை விட்டுடவா?

...இல்லை என்று ஒருவன் சொன்னால் இல்லைதான், ஆனால் அந்தச் சொல் இப்போது யார் காதிலும் ஏறுவதில்லை, கதவைச் சாத்தினால் ஜன்னலைத் தட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் தானியக் கிடங்கில் ஆள் வேண்டாம் என்றால் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவோம், மறு வருஷம் அதே வாசலில் நின்று இன்னொரு தடவை பாருங்கள் ஐயா என்று பல்லைக் காட்ட மாட்டோம். இதோ என் பேத்தி மாரென், பதினெட்டு வயசு, ராணுவ அகாடமி ஏப்ரலில் வேண்டாம் என்று கடிதம் போட்டுவிட்டது, ஆகஸ்டில் எங்கள் ஊர்க் கல்லூரியில் வந்து உட்கார்ந்து அதே அகாடமிக்கு மறுபடியும் விண்ணப்பம் போடுகிறாள், அதற்குத் தோதாக முதல் வருஷப் பாடங்களைப் பொறுக்குகிறாளாம். அவள் அம்மா லோரிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, அதனால் டிரக்கை ஓட்டிக்கொண்டு நான் வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, முதுகைக் குத்துகிறது, சூரியகாந்தி விதை கொறிக்கலாம் என்றால் தோலைத் துப்ப இடமில்லை. சுவரில் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிற படம், என்னத்துக்குச் சிரிக்கிறார்களோ, யாரையும் நம்பக்கூடாது இப்படிச் சிரித்தால். பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டுமாம், இப்போதே பதினொன்றேகால்.

கால்குலஸ் நாலு கிரெடிட், லேப்போடு சேர்த்து கெமிஸ்ட்ரி ஐந்து, ஆங்கிலம் மூன்று, சரித்திரம் மூன்று, ஜெர்மன் நாலு, ஜெர்மன் எதற்கு, என் அப்பன் திட்டுவதற்கென்றே வைத்திருந்த பாஷை அது... ஆக மொத்தம் பத்தொன்பது, பதினெட்டைத் தாண்டினால் ஆலோசனை சொல்கிற அம்மாள் கையெழுத்துப் போட வேண்டுமாம், அந்த மிஸ் கெல்லருக்கு என் மகள் வயசுகூட இருக்காது. இதில் கூத்து என்னவென்றால், அகாடமி எடுத்துக்கொண்டால் அங்கே மறுபடி முதல் வருஷத்திலிருந்துதான் ஆரம்பம், இங்கே ஒரு வருஷம் முட்டி மோதிப் படித்தது ஒன்றும் கணக்கில் வராது. இடிப்பதற்கென்றே எவனாவது வீடு கட்டுவானா? ஆனால் இந்த மாவட்டத்தில் அகாடமிக்காகப் பிள்ளைகளைப் பார்க்கிற அந்த ஓய்வுபெற்ற மேஜர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, என் காபியை இரண்டு கோப்பை குடித்துவிட்டு, அதைத்தான் செய்யச் சொன்னார். அங்கே முதல் வருஷத்துப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்களோ அதையே இங்கே படி, சுலபமான பாடத்தில் வாங்குகிற மார்க்கை அவர்கள் பார்க்க மாட்டார்கள், கஷ்டமான பாடத்தில் நீ எப்படி நிற்கிறாய் என்றுதான் பார்ப்பார்கள்... அப்புறம் அவள் மார்க் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார், மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம் கணக்க ஏன் விட்டே? நான் சர்க்கரை டப்பாவைப் பார்த்தேன். மாரென் என்னைப் பார்க்கவில்லை. "நானாத்தான் விட்டேன் சார்," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு மாதமாக அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை, என் கொட்டகையில் இரும்புக் குழாயைக் குறுக்கே மாட்டித் தொங்கித் தொங்கி எழும்புகிறாள், முட்டிபோட்டுக்கொண்டு கூடைப்பந்தைக் களஞ்சியச் சுவரில் வீசுகிறாள், அகாடமியின் உடல்சோதனையில் அப்படித்தான் வீச வேண்டுமாம், டம் டம் என்று அந்தச் சத்தம், ஒவ்வொரு வீச்சும் என் நெஞ்சுக்கூட்டில் விழுகிற மாதிரி.

விடச் சொன்னது நான்தானே. போன வருஷம் இதே ஆகஸ்ட், அறுவடை மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறேன், முகமெல்லாம் கிரீஸ், பக்கத்தில் வந்து குந்தினாள், தாத்தா, கால்குலஸ் எடுத்தா பி தான் வரும் போலருக்கு, வெல்டிங் எடுத்தா ஏ வரும். ஏ பெரிசா பி பெரிசா, இதுக்கு ஒரு கேள்வியா பிள்ளே, என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறென்ன தெரியும், ஏ என்றால் நல்லது, பி என்றால் கொஞ்சம் மட்டம், எங்களைப் போன்றவர்களுக்கு மார்க் என்றால் அதுதான். மார்க்குக்குப் பின்னால் ஒரு மார்க் இருக்கிறது என்று எவன் சொன்னான்? யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவன் தன் பிள்ளைக்கு மட்டும் சொல்வான்.

மிஸ் கெல்லர் எங்களை உள்ளே கூப்பிட்டாள். "சார், நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். வந்தவுடனே பத்தொம்பது ரொம்ப அதிகம். கெமிஸ்ட்ரிய ஜனவரிக்குத் தள்ளிட்டா பொண்ணு கொஞ்சம் மூச்சு விடும். ஒரு சி விழுந்தா அதையும்தானே அகாடமி பாக்கும்?" மாரென் சொன்னாள், "ஜனவரில எடுத்தா, அவங்க முடிவு பண்றப்ப கெமிஸ்ட்ரி மார்க்கே இருக்காது மேடம்." அந்தம்மாள் பேனாவை உருட்டினாள். "வயசு இருக்கு, அவசரமில்ல. நீங்க என்ன நினைக்கறீங்க சார்?" என்னையா? என்னை எதற்குக் கேட்கிறாள், நான் வண்டி ஓட்டி வந்தவன்... ஆனால் மாரென் திரும்பிவிட்டாள், உள்ளங்கையில் குழாய் பிடித்துக் காய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, போன வருஷத்துக் குரல் அப்படியே, "கெமிஸ்ட்ரிய விட்டுடவா தாத்தா?"

விட்டுடு. நாக்கு நுனியில் வந்துவிட்டது, பல்லைக் கடித்து நிறுத்தினேன். "என்னைக் கேக்காத. போன வருஷம் கேட்டியே, அது போதாதா?" மிஸ் கெல்லர் ஒன்றும் புரியாமல் பேப்பரை அடுக்கினாள். மாரென் என்னை வெறித்துப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள், இந்த இடத்தில் சிரிக்கிற பிள்ளையை என்ன செய்வது. "இவ்ளோ நாளா இதுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களா? உங்களால விடல தாத்தா. எனக்குப் பயமா இருந்துச்சு. அம்மாகிட்ட கேட்டா எடுன்னு சொல்லுவா. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்." "இப்பவும் அதுக்குத்தான் கேட்டியா?" "ஆமா. நீங்க சொல்லாம ஏமாத்திட்டீங்க," என்றாள். பிறகு அந்தம்மாள் பக்கம் திரும்பி, "அஞ்சையும் போடுங்க மேடம்," என்றாள். கையெழுத்து விழுந்தது. மணி பதினொன்றே முக்கால்.

புத்தகம் வாங்க வேண்டும் என்று அவள் வரிசையில் நின்றாள், நான் வண்டியில் இருக்கிறேன் என்று வெளியே வந்தேன், காற்றில் அறுத்த கோதுமையின் தூசி. நிஜமாகத்தான் சொன்னாளா, கிழவன் மனசு நோகக்கூடாதென்று சொன்னாளா? மேஜர் முன்னால் ஒரு தடவை என்னை மறைத்தவள்தானே, மறுபடி மறைக்க எவ்வளவு நேரம் ஆகும். சரி, நிஜம் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியென்றால் பயந்து ஓடிவருகிறவர்கள் ஒதுங்குகிற இடமா நான்? அதைவிட இன்னொன்று உறுத்துகிறது. இப்போது எனக்குத் தெரியுமே, மேஜர் சொல்லிவிட்டாரே, கெமிஸ்ட்ரியை விட்டால் அவ்வளவுதான் என்று நன்றாகத் தெரியும், தெரிந்தும் அந்த விட்டுடு எங்கிருந்து நாக்குக்கு வந்தது? அன்றைக்கு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தபோது எனக்கு மார்க் விவகாரம் தெரியாது, சத்தியமாகத் தெரியாது... ஆனால் வெல்டிங் கற்றவர்களுக்கு இந்த ஊரிலேயே வேலை உண்டு என்பது தெரியும். அதை நினைத்தேனா, நினைக்கவில்லையா? ஒரு வருஷம் ஆகிவிட்டது, யாரைக் கேட்பது. எப்படியானாலும் ஒரு தடவை வேண்டாம் என்றவன் வாசலில் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை என்று சொல்லிக்கொண்டே வண்டி நிறுத்திய இடத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன்.