இன்ஸ்பெக்டரின் மூக்கும் இருபத்தோரு பேரும்

1

மடமடமடவென்று ஒரு சத்தம். புளியமரம் சாலையின் குறுக்கே சாய்ந்தது. பச்சமுத்து பிரேக்கை மிதித்தான். ஸ்கூட்டர் நின்றது. கழுத்தில் தொங்கிய கேமரா மட்டும் நிற்காமல் முன்னே போய், திரும்பி வந்து அவன் நெஞ்சில் இடித்தது.

(முதலில் 'டமார்' என்றுதான் எழுதியிருந்தேன். "டமார்னு வுழறதுக்கு அது இன்னா தகர டப்பாவா?" என்று பச்சமுத்து கோபித்துக்கொண்டதால் மாற்றிவிட்டேன்.)

இந்தக் கதை கிடைத்த விதத்தை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் கள்ளக்குறிச்சியில், பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். சுவரில் தோசை மாதிரி வட்டமாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் பெரும்பகுதி ஒரு மூக்கு. "இது யாருங்க?" என்று கேட்டேன். ஸ்டுடியோக்காரர் பச்சமுத்து மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு இரண்டு பஸ் போயிற்று.

2

எண்பத்தேழு செப்டம்பர். மாலைச் சூரியன் கல்வராயன் மலையின் முகடுகளில் தன் தங்கக் கரங்களால்

(இந்த வாக்கியத்தைக் கைவிடுகிறேன். சம்பவம் நடந்தது காலை பத்து மணிக்கு.)

இடஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிச் சாலை மறியல். வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அப்படிப்பட்ட நாளில் ஒருவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புவானா? பச்சமுத்து கிளம்பினான். கையில் மூன்று நாள் முன்பு வந்த புது லென்ஸ்.

அது மீன்கண் லென்ஸ். சிங்கப்பூர் போய்வந்த வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிவந்தது. கண்ணாடி வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இருப்பதைப் பூதமாக்கும். பத்தடி தள்ளி இருப்பதைக் கடுகாக்கும். முதல் சோதனை மனைவி தங்கமணி மீது. படத்தைப் பார்த்த தங்கமணி, "பரங்கிக்காய்க்குப் பொட்டு வெச்ச மாதிரி கீது. போய் மலய எடு. மலைக்குக் கோவம் வராது" என்றாள். அதனால்தான் அன்று அந்த ஒரு லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு வெள்ளிமலைப் பக்கம் புறப்பட்டான்.

வாசலில் அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"எங்கண்ணன் மரம் வெட்டப் போறேன்னு காலைலேர்ந்து குதிச்சினு இருக்குது. கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வர நேரம். கேசு கீசுன்னு ஆச்சுன்னா வேல போச்சு. அண்ணன் மட்டும் மாட்டிக்கிச்சு, நீ இந்த வூட்டுப் பக்கமே வராத."

"நான் இன்னாடி பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணமாட்ட. அதுக்குத்தான் சொல்றேன்."

3

விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கம் பச்சமுத்து. அவனுக்குப் பின்னாலேயே ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

(இன்ஸ்பெக்டர் பாத்திரத்தில் எனக்குத் திருப்தி இல்லை. மூன்று முறை மீசை வைத்து மூன்று முறை எடுத்தேன். இப்போதைக்கு மீசை உண்டு.)

மரத்தின் மேல் இருபத்தோரு பேர். ஜீப்பில் மூன்று பேர். கணக்குப் போட்டுப் பார்த்த இன்ஸ்பெக்டரின் கண் கேமரா மீது விழுந்தது.

"ஏய் போட்டோ! இங்க வாய்யா" என்று ஓரமாக அழைத்தார். "அத்தன பேர் மூஞ்சியும் விழணும். நாளைக்குக் காலைல படம் என் மேசைல இருக்கணும். ஒவ்வொருத்தனா பேர் போட்டுக் கேசு எழுதிடறேன்."

இங்கே இருபத்தோரு பேரும் ஓடியிருக்க வேண்டும். எந்த ஊர்க் கதையிலும் ஓடுவார்கள். இவர்கள் கேமராவைப் பார்த்ததும் வரிசையாக நின்றார்கள்.* உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால். ஒரே சீப்பு இருபத்தோரு தலைகளில் ஏறி இறங்கியது.

"அண்ணே, நிக்கவா, குந்தவா?"

"இருண்ணே, பட்டன் போட்டுக்கறேன்."

"டேய் வீரமணி, கோடாலிய முன்னாடி புடிடா, கௌரவமா இருக்கும்!"

"ஆளுக்கொரு காப்பி குடுத்துடுண்ணே!"

* கல்யாண வீட்டு வழக்கம். 'போட்டோ' என்று குரல் கேட்டால் சாப்பிடுகிறவர்கூட இலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். போலீஸுக்காக வழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

வரிசையின் கடைசியில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. மச்சான் மாயவனிடம் ஒரே ஒரு நல்ல சட்டைதான் உண்டு, அதுவும் மஞ்சள். பச்சமுத்து சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான். நம் கண் அங்கே நின்றால் இன்ஸ்பெக்டர் கண்ணும் அங்கே நிற்கும் என்ற பயம். முகத்தைப் பார்க்கவேயில்லை. கண்முன் வந்ததெல்லாம் வேறு. கண்டக்டர் வேலை, தங்கமணி, சாத்திய கதவு.

கேமராவைக் கண்ணில் வைத்தான். உள்ளே இருபத்தோரு பேரும் கடுகாகத் தெரிந்தார்கள். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

"சார், நீங்க இல்லாம இன்னா சார் படம்? நீங்க அடக்கறது மேலதிகாரிக்குத் தெரிய வேணாவா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்தார்.

"எங்க நிக்கணும்?"

"முன்னாடி வாங்க சார். இன்னும் வாங்க. இன்னுங் கொஞ்சம்."

"மூக்கு இடிக்குதேய்யா!"

"புது லென்சு சார், அப்படித்தான் இருக்கும். மூச்ச இழுத்துப் புடிங்க."

கிளிக்.

4

மறுநாள் காலை. மேசை மேல் வட்டமாக ஒரு படம்.

"யாருய்யா இது?"

"நீங்கதான் சார்."

"இது?"

"உங்க மூக்கு சார்."

"மரம் எங்க?"

"உங்களுக்குப் பின்னாடி சார்."

"ஆளுங்க?"

"மீசைக்கு மேல புள்ளி புள்ளியா இருக்குது பாருங்க சார்."

(நல்ல வேளை, மீசையை எடுக்கவில்லை.)

இன்ஸ்பெக்டர் படத்தைக் கிழித்தார். நெகட்டிவை வாங்கி அதையும் கத்தரித்தார். இது மேலே போனால் மாவட்டம் முழுக்கச் சிரிக்கும். கேஸ் எழுதப்படவில்லை. இரண்டு மாதத்தில் மாயவனுக்கு வேலை உத்தரவு வந்தது. பச்சமுத்து ஒளித்துவைத்த ஒரே காப்பி, காலம் போனபின் சுவர் ஏறியது.

5

இப்போது முடிவு.

முடிவு ஒன்று: இன்ஸ்பெக்டர் லென்ஸைத் தரையில் அடித்து நொறுக்க, பச்சமுத்து கதறி — வேண்டாம். லென்ஸ் இன்னும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: நன்றியில் கரைந்த மாயவன், மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு — சொந்தக்காரர்களைப் பற்றித் தெரிந்த எவரும் நம்பமாட்டார்கள்.

முடிவு மூன்று: படத்தில் இருப்பது இருபத்தோரு புள்ளி. இதுவரை ஸ்டுடியோவுக்கு வந்து "அது நான்தான்" என்று ஒரு புள்ளியைத் தொட்டவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அன்று யாரையும் காட்டிக்கொடுக்காத லென்ஸ் இன்று யாரையும் மறுக்கவும் மாட்டேன் என்கிறது. இங்கேயே நிறுத்தலாம் என்றிருந்தேன்.

ஆனால் எழுதி முடிக்குமுன் ஓய்வுபெற்ற கண்டக்டர் மாயவனையும் பார்த்துவிடுவோம் என்று போனேன். ஊரில் அவருக்குத் தனி மரியாதை; கூட்டங்களில் முன்வரிசை நாற்காலி. "அந்த மஞ்சள் சட்டை நீங்கதானே? எந்தப் புள்ளின்னு காட்டுங்களேன்" என்று படத்தின் நகலை நீட்டினேன்.

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். கதவை ஒருக்களித்தார். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்; நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

"சார், அன்னிக்கு மரத்துல மொத வெட்டு வுழுந்ததுமே கரும்புக்காட்டுல பூந்து ஓடினவன், பொழுது சாஞ்சுதான் வூட்டுக்கு வந்தேன், கதைல மட்டும் என்னை அந்த மரத்து மேலயே நிக்க வெச்சிடுங்க சார்."