தள்ளினால்தான் நகரும்

மின்சாரம் போனதும் எந்திரத்தின் வயிற்றுக்குள் சரக்கு அப்படியே நின்றுவிட்டது. மின்சாரம் திரும்பி, எந்திரம் மறுபடி நன்றாகச் சூடேறிய பிறகும் அதன் வாயில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

"உள்ள இன்னும் கல்லாத்தான் இருக்கு," என்றான் அண்ணன். பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவன். தங்கையின் சிபாரிசில் இந்த வாரம்தான் இங்கே சேர்ந்திருந்தான். அங்கே சரக்கு உருகினால் தேனாய்ச் சொட்டும். சொட்டவில்லையா, சூடு ஏறவில்லை. பயமில்லாமல் கை வைக்கலாம்.

இங்கே ஓடுவது வெறும் பிளாஸ்டிக் இல்லை. பிளாஸ்டிக்கோடு ரப்பரைக் கலக்கும்போதே மருந்து போட்டு அதை இறுக்கிவிடுவார்கள். இறுகிய ரப்பர் பொடிப்பொடியாகி, உருகிய பிளாஸ்டிக்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு கொதித்தாலும், சும்மா விட்டால் அசையாது. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் பிடி விட்டுப் பாயும்.

"அண்ணா, இது ஊமைக்கோட்டான். தானா சொட்டாது. தள்ளினா சீறும்," என்றாள் எந்திரத்தை ஓட்டும் தங்கை.

"ஆமா, நீ பெத்து வளர்த்த பிள்ளை பாரு, குணமெல்லாம் தெரியுது!"

"விளையாடாத. ஓரமா நில்லு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவகிட்ட பதில் சொல்லியே நான் பாதியாயிட்டேன், நீ வேறயா," என்று சிரித்தபடி நகர்ந்தான்.

அவன் நகர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான், சரக்கை உள்ளிருந்து தள்ளும் ஸ்க்ரூவைச் சுழலவிட்டாள். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. எகிறினால் உடனே நிறுத்த வேண்டும். கண்ணை அதிலிருந்து எடுக்க முடியாது. முள் ஏறிக்கொண்டே போனது. வாயில் ஒன்றும் வரவில்லை.

"பார்த்தியா, கல்லுன்னேனே!"

குரல் ஓரத்திலிருந்து வரவில்லை. எந்திரத்தின் வாயில் காய்ந்து ஒட்டியிருந்த சரக்குத் தோலைக் கிள்ளியெடுக்கக் கையை நீட்டியிருந்தான்.

சிவப்புப் பொத்தானை அறைந்தாள். அதற்குள் முள் சரிந்துவிட்டது; சரக்கு பீறிட்டு அவன் கைமேல் பாய்ந்திருந்தது.

அவனை இழுத்துப்போய்க் குளிர்நீர்த் தொட்டிக்குள் கையை முழங்கைவரை அமுக்கினாள். கறுப்புச் சரக்கு மணிக்கட்டுவரை அப்பியிருந்தது.

"பிச்சு எடுடி! எரியுது!"

"கூடாதுண்ணா. தோலும் சேர்ந்து வந்துடும்."

இன்னொரு கையால் பிய்க்கப் பார்த்தான். அதையும் பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்குள் சரக்கு மெல்ல மெல்ல விறைத்தது. அவன் கத்துவதை நிறுத்தினான்.

"விரலை ஆட்டறேன்," என்றான். "ஆடுதா பாரு."

கறுப்புக் கட்டி அசையாமல் கிடந்தது.

"ஆடுதுண்ணா," என்றாள்.