சிகரெட் தாள் சுற்றிய கம்பி

சாவியைத் திருப்பினாள். விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. மின்சார மூன்று சக்கர வண்டி கல் மாதிரி நின்றது. மணி மூன்றே கால். நாலு மணிக்குப் பாலர் பள்ளி விட்டுவிடும். ஷூ ஆலையில் வேலை பார்க்கிறவர்களின் ஆறு பிள்ளைகளை வீடு சேர்ப்பது சூயுனின் பொறுப்பு.

அடுத்த வீட்டில் கணவன் ஹோங்டு மாஜோங் ஆடிக்கொண்டிருந்தான். கட்டைகள் உருளும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. அவனைக் கூப்பிட்டால் அரை மணி நேரம் வம்பளந்துவிட்டுத்தான் கையை வைப்பான். ஃபியூஸ்தானே, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் பின் சீட்டைத் தூக்கினாள். பொசுங்கிய நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு சாண் தள்ளி, ஃபியூஸ் உட்காரும் பிளாஸ்டிக் கூடு உருகி, மூக்குச் சளி மாதிரி வழிந்து இறுகியிருந்தது. பக்கத்தில் செருகி வைத்திருந்த ஒரு பிள்ளையின் மஞ்சள் மழைக்கோட்டும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

குறடால் கூட்டைப் பிளந்தாள். உள்ளே கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லை. முறுக்கிய செப்புக் கம்பி, அதன்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள். கம்பி அறுந்திருக்கவில்லை. சுற்றிலுமிருந்த பிளாஸ்டிக் உருகியதில் ஒயர் முனை விலகிப்போயிருக்க, கம்பி மட்டும் ஜம்மென்று இருந்தது.

இந்தச் சீட்டின் மேல்தான் தினமும் ஆறு பிள்ளைகள். பனிக்காற்றுக்காகச் சுற்றிலும் தகரம் அடித்து, கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் வேறு.

"என்னடி, வண்டியைக் கொத்திக்கிட்டிருக்கே?" ஹோங்டு வந்து நின்றான். இரண்டு காதிலும் சிகரெட். இந்தத் தெருவில் யார் வண்டி நின்றாலும் அவன்தான் மேஸ்திரி. காசு வாங்க மாட்டான், ஆளுக்கொரு சிகரெட் போதும்.

கம்பியை நீட்டினாள். "இது யாரு வேலை?"

"நான்தான் போட்டேன். ஃபியூசு போட்டா மாசத்துக்கு ரெண்டு தடவை போவுது. கம்பி போட்டேன், ஏழு மாசம் மூச்சு விட்டுச்சா?"

"போவுறதுக்குத்தானேய்யா அதை வச்சிருக்கான்! அது போகலைன்னா உள்ள இருக்கிற புள்ளைங்க போவும்!"

"சும்மா கத்தாதடி. இந்தத் தெருவுல எந்த வண்டியில ஃபியூசு இருக்கு? எல்லாம் என் கம்பிதான். எவனாச்சும் குறை சொன்னானா?" என்று பல்லைக் காட்டிச் சிரித்தான். பல்லில் சூரியகாந்தி விதைத் தோல் ஒட்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் இந்த வாயோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோமே என்று அவளுக்குக் குமட்டியது.

அவனுடைய கருவிப் பெட்டியைக் கவிழ்த்தாள். புதுக்கூடுகள் சில உருண்டன. ஒரு பிஸ்கட் டின் நிறைய, மேல் உறை கூடப் பிரிக்காத ஃபியூஸ்கள். வண்டிக்காரர்கள் கடையில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவை.

"நல்ல சாமானை எதுக்கு வீணாக்கணும்னு எடுத்து வச்சேன்" என்றான், கெட்டிக்காரத்தனமாக.

வண்டிக்காரர்கள் நன்றிக்கென்று கொண்டுவந்து தந்த முட்டையை, முள்ளங்கியை அவளும்தான் வாய் நிறையச் சிரித்து வாங்கிக்கொண்டாள். அவித்தும் தின்றாள். அந்த நினைப்பு அவனுடைய சிரிப்பை விட அருவருப்பாக இருந்தது.

பேட்டரி முனையைக் கழற்றினாள். உருகிய கூட்டை வெட்டி எறிந்து, ஒயர் நுனிகளைச் சுரண்டிப் புதுக்கூட்டை முறுக்கிச் சேர்த்து, மேலே டேப் சுற்றினாள். பழைய கூட்டின் துண்டில் இருந்த எண்ணைப் பார்த்து அதே எண் போட்ட ஃபியூஸைச் செருகினாள். முனையை மாட்டியதும் விளக்கு வந்தது. டின்னையும் மிச்சக் கூடுகளையும் குறடையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதை எங்கடி எடுத்துட்டுப் போற? ஏய், என் மானத்தை வாங்காதே!"

அவள் வண்டியை முறுக்கினாள்.

பள்ளி வாசலில் சுவரோரம் வரிசையாக மூன்று சக்கர வண்டிகள். முதல் வண்டியில் ஃபாங் மெய்ஜென் விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"வா அக்கா. உங்க வீட்டுக்காரரு கைராசியே ராசி. வண்டி குதிரையாட்டம் ஓடுது."

"எந்திரி மெய்ஜென். சீட்டைத் தூக்கணும்."

"ஏன், என்னாச்சு?"

தூக்கினாள். வெள்ளித் தாள் பளபளத்தது. ஒயரின் தோல் பழுப்பேறிக் கொப்புளித்திருந்தது. மெய்ஜென் வாயிலிருந்த விதையைத் துப்பினாள்.

"என் புருஷன் செஞ்சதுதான். உங்க ஃபியூசு எல்லாம் எங்க வீட்டு டின்னுல இருந்துச்சு" என்று சூயுன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "யாரும் புள்ளைங்கள ஏத்தாதீங்க. கம்பியைப் பிடுங்கிட்டு, உங்க ஃபியூசைப் போட்டுட்டுத்தான் விடுவேன்."

"அடத் தூ! முட்டை வாங்கித் தின்னப்போ தெரியலையாக்கும்?" என்றாள் மூன்றாவது வண்டிக்காரி. சூயுன் தலையை நிமிர்த்தவில்லை. இரண்டாவது வண்டியின் கம்பியையும் பிடுங்கினாள், மூன்றாவதுடையதையும். வண்டிகள் ஒவ்வொன்றாகச் செத்து நின்றன.

மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு ஓடிவந்தார்கள். குட்டையான ஒருத்தி வழக்கம்போல நாலாவது வண்டிக்குள் தொற்றி ஏறி உட்கார்ந்துவிட்டாள். சூயுன் அவளை அப்படியே தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவள் உட்கார்ந்திருந்த சீட்டைத் திறந்தாள்.