இரட்டையரில் மற்றவள்

"யசீ வந்திட்டானோ?" என்று அப்பா குலசிங்கம் மறுபடியும் கேட்டபோது, ராகவி ஈரப்பஞ்சால் அவருடைய உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தாள். தொண்டை விழுங்குவதை முந்தாநாளே நிறுத்திவிட்டது. இந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை.

யசீகரன் அவளோடு ஒரே நாளில் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில், மருந்து வராத போர்க்காலத்தில், பதினொரு வயதில் காய்ச்சலில் போனான். அப்போது அப்பா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பியும், பழக்கிக்கொண்டிருந்த காட்சியை முடித்துவிட்டுத்தான் வந்தார். பிறகு ஒருநாளும் அவர் தன் மகனைப் பற்றிக் கதைத்ததில்லை.

கதைத்ததெல்லாம் இன்னொருவருடைய மகனைப் பற்றி. நானூறு வருடங்களுக்கு முன் லண்டனில் நாடகம் எழுதிய அந்த இங்கிலீஷ்காரரை, ஏதோ ஒன்றுவிட்ட சித்தப்பாவைப் போல "எங்கட ஆள்" என்றுதான் சொல்வார். பூமியின் தென்கோடியில் வந்து குடியேறிய பக்குரங்கா வீட்டுக்கு வந்தவர்கள் தேநீரிலிருந்து தப்பியிருக்கலாம். எங்கட ஆளிடமிருந்து தப்பியதில்லை. கையுறை தைத்தவருடைய மகன். பல்கலைக்கழக வாசல் மிதியாதவர். கொள்ளைநோய் வந்து கொட்டகைகளைப் பூட்டியபோது கவிதை எழுதியவர். பெண் வேடத்துக்குப் பொடியன்களைப் பிடித்துப் பாவாடை கட்டிவிட்ட காலத்தவர். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்துவார். "மனுசனுக்கு ஒரே மகன். பதினொரு வயசிலை செத்துப்போட்டான். தேப்பன் செத்தவீட்டுக்கு வந்து சேந்தாரோ இல்லையோ, ஒருத்தருக்கும் தெரியாது." அத்தோடு எழுந்து முகம் கழுவப் போய்விடுவார்.

அந்த மகனும் இரட்டைப்பிள்ளைதான் என்பதையும், கூடப் பிறந்தவள் எழுபத்தேழு வயதுவரை இருந்தாள் என்பதையும் ராகவி பள்ளியில் படிக்கும்போது நூலகத்தில் தானாகத்தான் கண்டுபிடித்தாள். ஓடிவந்து சொன்னாள். "ஓம், ஒரு பெட்டையும் இருந்தவள்," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்த மனுசனோடு யார் மல்லுக்கட்டுவது?

அம்மா போன பிறகு அவரைக் குளிக்க வார்த்ததும், கஞ்சி ஊட்டியதும், இரவில் எழுந்து புரட்டிவிட்டதும் ராகவிதான். ஆனால் தனக்குக் கொள்ளி வைக்கும் பொறுப்பை அவர் பக்கத்து ஊரான பிளாட் புஷ்ஷில் இருக்கும் தன் தம்பி மகன் சஞ்சீவனுக்குப் போனில் கொடுத்தார். அவள் குசினிக்குள் கீரை ஆய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொள்ளி யாருக்கு வேண்டும்? போவதற்கு முன் அவளைப் பார்த்து ஒரு சொல், நீயும் என்ரை பிள்ளைதான் என்கிற மாதிரி ஒன்று, அது போதும். அதற்காகத்தான் லீவு போட்டுவிட்டுக் கட்டிலடியில் காத்துக் கிடந்தாள்.

"யசீ வந்திட்டானோ?"

நேற்றுவரை உண்மையைச் சொன்னாள். "அவன் இல்லை அப்பா." ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி அவருக்குப் புதிதாகவே வந்து சேர்ந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஊசி போட வந்த நர்ஸ்கூட யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராகவி பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள். எங்கட ஆளின் மேடையில் பொடியன்கள் பெண்ணாக நிற்கவில்லையா?

"ஓம் அப்பா," என்றாள், குரலைக் கட்டையாக்கி. "வந்திட்டன்."

அவர் முகம் சுளித்தார். "வடிவாச் சொல்லு. கடைசி வரிசைக்குக் கேக்கோணும்."

சாகக் கிடந்தும் பழக்கம் விடவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "வந்திட்டன் அப்பா!"

அவருடைய விரல்கள் அவள் கையைத் தேடிப் பிடித்தன. "காட்சி முடிஞ்ச உடன வெளிக்கிட்டனான், மோனை. சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டுது. உருட்டிக்கொண்டு ஓடி வந்தனான்."

"பரவாயில்லை அப்பா."

நெற்றிச் சுருக்கம் மெல்ல இளகியது. இத்தனை வருடங்களில் அந்த முகத்தில் அப்படியொரு ஆறுதலை அவள் கண்டதில்லை. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் ஆசை யாரை விட்டது? யசீயின் குரலிலேயே கேட்டாள்: "அப்பா, ராகவி எங்க?"

"ஆர்?"

"ராகவி அப்பா."

"குசினிக்கை நிப்பாள். அவள் எங்க போறது?" பிடியை இறுக்கினார். "நீ போயிடாதை, மோனை."

அவள் போகவில்லை. மத்தியானம் சலவை மெஷின் சுற்றி ஓய்ந்த பிறகுதான், மூச்சுச் சத்தமும் நின்றிருப்பது தெரிந்தது. கை மட்டும் விடாமல் பிடித்திருந்தது. அந்தப் பிடியும் அவளுக்கானதல்ல. விரல்களை ஒவ்வொன்றாகத் தானே பிரித்தெடுத்தாள்.

தகனசாலை மண்டபத்தில் ஜூலைக் குளிர் ஏறியிருந்தது. அம்மாவின் சிநேகிதி சுந்தரி மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார். "கடைசியா என்ன பிள்ளை சொன்னவர்?"

செத்தவீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ராகவி பெட்டியைப் பார்த்தாள்.

"என்னைத்தான் தேடினவர் மாமி. 'ராகவி எங்க, ராகவி எங்க' எண்டு."

"ஐயோ, தேப்பன்ரை மனம்!" மாமி சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு திரும்பிப் பின்னால் இருந்தவளிடம் சொன்னார். அவள் தனக்குப் பின்னால் இருந்தவளிடம் சொன்னாள். கடைசி வரிசைவரை அது போய்ச் சேர்வதை ராகவி திரும்பிப் பாராமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மகன் முறைக்காரர் வாங்கோ," என்றார் ஐயர்.

சஞ்சீவன் எழுந்து சட்டையைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். "ஒருக்காப் பிடியுங்கோ அக்கா." குளிரில் தோள்கள் நடுங்க, வேட்டியோடு போய், கொள்ளிக்குப் பதிலாக இருந்த பொத்தானை அழுத்தினான். பெட்டி உள்ளே நகர்ந்தது.

ராகவி சட்டையின் கைகளை உள்ளே மடித்தாள். கொலரை நேராக்கினாள். அவன் திரும்பி வரும்வரை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.