அட்மின் பாஸ்வேர்டு

ஸ்கேன் சென்டரின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் வந்து சேர்ந்தபோது, வரவேற்பு மேசைக்குப் பின்னால் அங்கே வேலை பார்க்கும் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார மனசு வரவில்லை போலிருக்கிறது. ரிப்போர்ட்டுகளை எல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம் என்று திரையில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"கூரியர் ரசீதுன்னு ஒரு மெயில் வந்துச்சு தம்பி. நான்தான் திறந்தேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

சிஸ்டம்காரர் பையை மேசைமேல் வைத்தார்.

அவள் திறந்தது உண்மை. ஆனால் அவளுடையது சாதாரணக் கணக்கு. அதில் புகுந்தவன் அவள் மேசையைக் கலைத்திருக்கலாம், அவ்வளவுதான். ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருக்கிற அலமாரிச் சாவி அவளிடம் கிடையாது. சாதாரணக் கணக்கை முழு அதிகாரமுள்ள அட்மினாக ஏற்றிவிடுகிற ஓட்டை ஒன்று அந்தக் கணினியில் இருந்தது. அது அவருக்குத் தெரியும். அவரே அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

முதலில் நடந்தது சின்ன விஷயம். அட்மின் பாஸ்வேர்டை மாற்றினார், மறந்துவிட்டார். டாக்டரிடம் சொல்லி, ஒருநாள் சென்டரை மூடி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருக்கலாம். ஆனால் அக்கா ஒருமுறை தன் பாஸ்வேர்டை மறந்தபோது, "வீட்டுக்குப் போற வழியாவது ஞாபகம் இருக்கா?" என்று ஆள் நிறைந்த ஹாலில் கேட்டுச் சிரிக்கவைத்த மனுஷன், இதை எந்த வாயால் சொல்வது? இணையத்தில் கிடைத்த ஒரு சின்ன புரோகிராம் அந்த ஓட்டை வழியாக அவரை உள்ளே விட்டது. பிறகுதான் எச்சரிக்கை வந்தது: திருடர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், உடனே அப்டேட் போடுங்கள் என்று. போட்டால் ஓட்டை அடைபடும், அவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். "அப்டேட் கேக்குதே தம்பி" என்று அக்கா சொன்னபோதுகூட, "அது கேட்டுக்கிட்டேதான் இருக்கும், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார்.

டாக்டர் அறையிலிருந்து வந்தார். "ரிப்போர்ட்டுக்கெல்லாம் தனியா ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கீங்கல்ல?"

"இருக்கு சார். அட்மின்ல போய்த்தான் எடுக்கணும்." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப எடுங்க. நாளைக்கு ஆபரேஷன் வச்சிருக்கிற அம்மா வெளிய ரிப்போர்ட்டுக்கு உக்காந்திருக்காங்க." அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க நாளையிலேருந்து வர வேண்டாம்மா. கண்டதைத் திறக்கிற ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"சரிங்க சார்" என்றாள். பிறகு தணிந்த குரலில் சிஸ்டம்காரரிடம், "உங்களுக்கும் வேலை வச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க தம்பி."

அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை உள்ளே விட்டுக்கொண்டிருந்த அந்தப் புரோகிராமும் பூட்டப்பட்டவற்றோடு போயிருந்தது. திரை அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அவர் கீபோர்டில் விரல் வைத்ததும், டாக்டர் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தட்டி முடிக்கிற சத்தம் கேட்டதும் திரும்பலாம் என்று இரண்டு முதுகுகளும் அவருக்காகக் காத்திருந்தன.